தீக்காயத் தழும்புக்கு அழுத்த உடை: புதிதாகத் தைக்க வருபவர்களுக்கு

தீக்காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகுதான் தழும்பு வளரத் தொடங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது தட்டையாக இருந்த தோல், இரண்டு மூன்று மாதத்தில் சிவந்து, தடித்து, மேலெழும்பி, ராத்திரி தூங்கவிடாமல் அரிக்கும். மூட்டின் மேல் இருந்தால் முழங்கையை நீட்டவிடாது, கழுத்தைத் திருப்பவிடாது. இந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் அழுத்த உடை எழுதிக் கொடுக்கிறார். ஊரில் இதை 'பிரஷர் கார்மெண்ட்' என்றே சொல்கிறோம்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கும் கோரிமேடு ஜிப்மருக்கும் போய்வரும் குடும்பங்களில் பலருக்கு இந்த உடை எளிதில் கிடைப்பதில்லை. வெளியூரில் அளவு கொடுத்துத் தைத்து வருவதற்குள் குழந்தையின் கை வளர்ந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருளுக்கு ஒவ்வொரு முறையும் அலைய முடியாது. உள்ளூரிலேயே தைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தையல்காரர்கள், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படிப்பவர்கள், தீக்காய வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவரின் சீட்டும் தெரபிஸ்ட்டின் மேற்பார்வையும் இல்லாமல் இந்த உடையை யாருக்கும் போட்டுவிடாதீர்கள். இறுக்கமான துணி தவறான இடத்தில் இருந்தால் விரலுக்கு ரத்தம் போகாது. எங்கே எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிவதுதான் இந்த வேலையின் பாதி. தையல் அதற்குப் பிறகுதான்.

தழும்பையும் நேரத்தையும் பாருங்கள்

எல்லாத் தீக்காயத்துக்கும் இந்த உடை தேவையில்லை. பத்துப் பதினான்கு நாளில் தானாக ஆறிய மேலோட்டமான காயம் பெரும்பாலும் தடிக்காது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடந்த காயம், தோல் ஒட்டு வைத்த இடம், ஒட்டுத்தோலின் ஓரங்கள் இவைதான் தடிப்புத் தழும்பாக மாறக்கூடியவை. தடிப்புத் தழும்பு பழைய காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். எல்லையைத் தாண்டிப் பரவுவது கெலாய்டு. அதற்கு மருத்துவம் வேறு.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரிலிருந்த ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனையில் சில்வர்ஸ்டீன், லார்சன் என்ற மருத்துவர்களால் இந்த முறை பரவலானது. ரத்த ஓட்டத்துக்காக இறுக்கமான காலுறை போட்டிருந்த நோயாளியின் தழும்பு அடங்கியிருந்ததைக் கவனித்ததில் இருந்து இது வளர்ந்தது. தழும்புக்குள் ரத்த ஓட்டம் குறைவதால், தழும்பைத் தடிக்கவைக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் உற்பத்தி மட்டுப்படுகிறது என்பது பரவலான விளக்கம்.

பலன் எவ்வளவு என்பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தழும்பின் உயரம் சற்றுக் குறைகிறது என்றது. அதைத் தாண்டிப் பெரிய பலனை அதனால் காட்ட முடியவில்லை. 2010இல் எங்ராவ் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட 12 ஆண்டு ஆய்வு முன்கைகளில் நடந்தது. ஒரே தழும்பின் ஒரு பகுதிக்கு முழு அழுத்தமும் மறு பகுதிக்குக் குறைந்த அழுத்தமும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு அழுத்தம் பெற்ற பகுதி மென்மையாகவும் மெலிதாகவும் இருந்தது. ஆனால் நடுத்தரமான, கடுமையான தழும்புகளில்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. லேசான தழும்போடு வருகிற பிள்ளைக்கு ஒன்றரை வருடம் இந்த உடையைச் சுமக்க வைக்கும் முன் தெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

காயம் முழுவதும் மூடிய பிறகே உடை. ஒட்டுத்தோல் வைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. அங்கங்கே சிறு புண் இருந்தால் அது ஆறும்வரை கிரேப் பேண்டேஜ் அல்லது குழாய் வடிவ எலாஸ்டிக் பேண்டேஜ் போதும். புதுத்தோல் உராய்வைத் தாங்காது. அவசரப்பட்டு இறுகிய உடையை மாட்டினால் கொப்புளம் வரும்.

அழுத்தக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் மெதுவாகப் போகலாம்.

தழும்பின் மேல் வேண்டிய அழுத்தம் பொதுவாக 20 முதல் 25 மி.மீ. பாதரசம். ரத்த அழுத்தம் பார்க்கும் அதே அலகுதான். 15இலேயே பலன் கிடைக்கிறது என்பவர்களும் உண்டு. 40ஐத் தாண்டினால் மரத்துப்போதல், தோல் நசிந்து ஊறிப்போதல் போன்ற கேடுகள் வரும். நான் பெரியவர்களுக்கு 20இலும் சின்னப் பிள்ளைகளுக்கு 15இலும் தொடங்கச் சொல்வேன். இரண்டாவது உடையில் ஏற்றிக்கொள்ளலாம்.

'சுற்றளவில் 15 சதவீதம் குறைத்து வெட்டு' என்று பல இடங்களில் ஒரே விதியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். 10 முதல் 20 சதவீதம் குறைப்பது வழக்கம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே சதவீதம் எல்லா உறுப்பிலும் ஒரே அழுத்தத்தைத் தராது. லாப்லாஸ் விதிப்படி, துணியின் இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே அழுத்தம். உறுப்பு எவ்வளவு ஒல்லியோ, அதே இழுப்பில் அழுத்தம் அவ்வளவு அதிகம்.

கடையில் உட்கார்ந்து போடுவதற்கு ஏற்ற வடிவத்தில் அந்தக் கணக்கைத் தருகிறேன். 5 செ.மீ. அகலமுள்ள துணிப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. அழுத்தம் வேண்டுமானால், உறுப்பின் சுற்றளவில் ஒவ்வொரு செ.மீ.க்கும் அந்தப் பட்டையில் 22 கிராம் இழுப்பு இருக்க வேண்டும். 15 மி.மீ. போதுமென்றால் 16 கிராம். 25 வேண்டுமானால் 27 கிராம். மணிக்கட்டு 15 செ.மீ. என்றால் 15 பெருக்கல் 22, அதாவது 330 கிராம். முழங்கைக்குக் கீழே 24 செ.மீ. என்றால் 528 கிராம். ஒரே கையில் இவ்வளவு வித்தியாசம்.

துணியும் எடைக்கல்லும்

துணி வாங்கும்போது பவர்நெட் என்று கேளுங்கள். நைலானும், ரப்பர் போல நீண்டு சுருங்கும் எலாஸ்டேன் இழையும் கலந்த, சின்னக் கண்கள் உள்ள பின்னல் துணி. உறுதியான நீச்சல் உடைத் துணியும் சில இடங்களுக்கு ஆகும். திருப்பூர் மொத்த வியாபாரிகளிடம் வாங்குவது லாபம். புதுச்சேரி நேரு வீதிக் கடைகளில் லெக்கிங்ஸ் தைக்கும் லைக்ரா தாராளமாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். இழுத்தால் நீளும், ஆனால் திரும்பி வரும் விசை போதாது. பருத்தி லைக்ரா பனியன் துணியும் வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், சீக்கிரம் தொளதொளத்துப் போகும்.

புதுச் சுருள் வரும்போதெல்லாம் ஒரு சோதனை செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான். மளிகைக்கடை எடைக்கல்லும் ஒரு கிளிப்பும் போதும்.

துணியின் எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தத் திசையில் 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். நடுவில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். கையால் பத்துமுறை நன்றாக இழுத்து விடுங்கள். புதுத்துணி முதல் சில இழுப்புகளில் காட்டும் விறைப்பு, போட்டுப் பழகியதும் இருக்காது. அந்த விறைப்பைக் கணக்கில் சேர்த்தால் ஏமாற்றம்தான். பிறகு ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் 300 கிராம் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கோடுகளின் இடைவெளியை அளந்து எழுதுங்கள். அடுத்து 400, 500, 600. இந்த அளவுகளை ஒரு அட்டையில் எழுதித் துணிச்சுருளோடேயே கட்டி வையுங்கள்.

ஒரு துணியில் 300 கிராமுக்கு 11.2, 400க்கு 11.7, 500க்கு 12.2, 600க்கு 12.7 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன மணிக்கட்டுக்கு வேண்டியது 330 கிராம். அந்த எடையில் 10 செ.மீ. துணி சுமார் 11.35 ஆக நீளும். ஆகவே 15ஐ 1.135ஆல் வகுத்தால் வெட்ட வேண்டிய அளவு 13.2 செ.மீ. முன்கை நடுவில் சுற்றளவு 20, வேண்டிய இழுப்பு 440 கிராம், நீட்சி 11.9, வெட்டும் அளவு 16.8. மேலே 24 செ.மீ. உள்ள இடத்தில் 528 கிராம், நீட்சி 12.34, வெட்டும் அளவு 19.4. சதவீதமாகப் பார்த்தால் கீழே 12, நடுவில் 16, மேலே 19.

இதே துணியை எல்லா இடத்திலும் 15 சதவீதம் குறைத்து வெட்டினால் என்ன ஆகும்? மணிக்கட்டில் 25 மி.மீ. வரும், முழங்கைக்குக் கீழே 16தான் வரும். 12 செ.மீ. மணிக்கட்டு உள்ள குழந்தைக்கு 31 மி.மீ. ஏறிவிடும். 50 செ.மீ. தொடையில் 8 கூடத் தேறாது. குழந்தை வலியில் கழற்றி எறியும். தொடைத் தழும்புக்காரர் ஒரு வருடம் வீணாகப் போட்டிருப்பார். தொடைக்கும் இடுப்புக்கும் கனமான துணி எடுங்கள், அல்லது இரண்டு அடுக்காகத் தையுங்கள். இரண்டு அடுக்கில் இழுப்பு இரு மடங்காகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது

காலையில் அளவெடுங்கள். சாயங்காலம் கைகால் சற்று வீங்கியிருக்கும். துணி டேப் நாளடைவில் நீண்டுபோகும், அதனால் ஃபைபர் டேப்பை ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கை என்றால் மணிக்கட்டு எலும்பின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி. அங்கிருந்து மேல்நோக்கிப் பெரியவர்களுக்கு 4 செ.மீ.க்கு ஒரு கோடு, குழந்தைகளுக்கு 2.5 செ.மீ.க்கு ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒருமுறை முழுக்க அளந்து எழுதிவிட்டு, அந்தத் தாளைப் பார்க்காமல் இன்னொருமுறை அளங்கள். அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கே அதிகம் தடித்திருக்கிறது, எந்தப் பக்கம் நல்ல தோல் என்பதையும் அதே தாளில் படமாக வரையுங்கள். ஜிப் எங்கே வைப்பது, தையல் எங்கே ஓடுவது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

உடை தழும்பைத் தாண்டி இரு பக்கமும் 5 செ.மீ. போக வேண்டும். மூட்டின் நடுவில் உடை முடியவே கூடாது. மூட்டைத் தாண்டி நல்ல சதைப்பகுதியில் முடியட்டும்.

அளவெடுக்கும் நேரத்தைச் சுருக்காதீர்கள். முதன்முதலாக வெளியாள் ஒருவர் தன் தழும்பைத் தொடுகிற நேரம் அது. பெண்களுக்குப் பெண்ணே அளவெடுக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், கூட வந்தவர்களில் யார் உள்ளே இருப்பது என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும். அடுப்பில் புடவை பற்றிய காயம் என்றால் மார்பும் வயிறும் தொடையும் சேர்ந்தே பாதிக்கப்பட்டிருக்கும். காயம் எப்படி ஏற்பட்டது என்ற கேள்வி நம் வேலைக்குத் தேவையில்லை. அதைக் கேட்காதீர்கள்.

வெட்டுவதும் தைப்பதும்

பிரவுன் பேப்பரில் நடுக்கோடு போட்டு, ஒவ்வொரு மட்டத்திலும் கணக்கில் வந்த அளவில் பாதியை இரு பக்கமும் குறித்து, புள்ளிகளை வளைவாகச் சேருங்கள். மூலையாகச் சேர்த்தால் அந்த இடத்தில் துணி வெட்டி அழுத்தும். நீளத்தைக் குறைக்க வேண்டாம். மேல், கீழ் ஓரங்களில் கடைசி 2 செ.மீ.க்கு மட்டும் இழுப்பைப் பெரும்பாலும் தளர்த்திவிடுங்கள். அங்கே எலாஸ்டிக் நாடா வைத்துத் தைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது கையைச் சுற்றிக் கட்டிய கயிறாகி, அதற்குக் கீழே வீக்கம் வரும். ஓரம் நழுவுகிறது என்றால் நீளத்தைக் கூட்டுங்கள், இறுக்காதீர்கள்.

அழுத்தம் விரல் பக்கம் சற்று அதிகமாகவும் உடல் பக்கம் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். தலைகீழாக ஆகவே கூடாது. காலுக்கு இது இன்னும் முக்கியம், நிற்கும்போது ரத்தம் கீழே தேங்குவதால்.

துணியின் அதிக இழுவை உறுப்பைச் சுற்றி வர வேண்டும். முனை உருண்ட, பனியன் துணிக்கான 11ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், மூன்று குத்து ஜிக்ஜாக். ஃப்ளாட்லாக் மெஷின் இருந்தால் அதைவிட நல்லது. இரண்டு ஓரத்தையும் அரை செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டையாகத் தையுங்கள். ஓவர்லாக் போட்டு உள்ளே தள்ளிய மடிப்பு, நாள் முழுக்கத் தழும்பை அறுத்துக்கொண்டே இருக்கும். தையல் நல்ல தோல் இருக்கும் பக்கத்தில் ஓடட்டும். இரண்டு பக்கமும் தழும்பு என்றால் மடிப்பை வெளிப்புறம் திருப்பிவிடுங்கள். பார்க்க அழகில்லை என்றாலும் அதுதான் சரி.

முழங்கை, முழங்கால் உடைகளை லேசாக மடங்கிய வடிவத்திலேயே வெட்டுங்கள். நேராக வெட்டினால் மடக்கும்போது உள்பக்கம் துணி சுருண்டு, அந்த மடிப்பு தோலைக் கிழிக்கும். மடிப்பு விழும் அந்தச் சிறு பகுதிக்கு மெல்லிய நெட் துணி ஒன்று இணைத்தால் பெரிய நிம்மதி.

ஜிப் வைத்தால் ஒரு கணக்கு மறந்துபோகும். ஜிப்பும் அதன் பட்டியும் நீளாது. முன்கை நடுவில் 20 செ.மீ. சுற்றளவு, ஜிப் பட்டி 3 செ.மீ. என்றால், நீளும் துணி மூட வேண்டியது 17 செ.மீ. மட்டுமே. 17ஐ 1.19ஆல் வகுத்து 14.3, அதோடு 3 சேர்த்து 17.3 செ.மீ. உள்ளே மென்மையான ஒரு துணிநாக்கு கட்டாயம். ஒரு கையால் மாட்டிக்கொள்ள வேண்டியவருக்கு ஜிப் நுனியில் விரல் நுழையும் அளவு ஒரு வளையம் தைத்துக் கொடுங்கள். அந்தச் சின்ன நாடா இல்லாததால் மனைவி வேலையிலிருந்து வரும்வரை உடை போடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

குழிவும் மேடும்

துணி வளைவின் மேல்தான் அழுத்தும். தட்டையான இடத்தில் ஏறக்குறைய அழுத்தமே இல்லை. குழிவான இடத்தில் துணி தோலைத் தொடக்கூடச் செய்யாது. உள்ளங்கை, புறங்கை, மார்புக்கு நடுவிலுள்ள பள்ளம், கழுத்தடி, அக்குள், காலின் உள்வளைவு, விரலிடுக்கு. இந்த இடங்களில் உடைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு திண்டு வேண்டும். சிலிக்கான் ஜெல் தகடு, அடர்த்தியான ஃபோம், அச்செடுத்து இறுகும் சிலிக்கான் மாவு ஆகியவற்றைத் தெரபிஸ்ட் தேர்ந்தெடுப்பார். நீங்கள் அதற்கு உடையின் உள்பக்கம் ஒரு பை தைத்து வைத்தால் போதும், திண்டு நகராது. திண்டின் ஓரங்களைச் சரிவாகச் சீவ மறக்காதீர்கள்.

எலும்பு துருத்தும் இடங்களில் இதற்கு நேர்மாறு. கணுக்கால் எலும்பு, மணிக்கட்டு எலும்பு, முழங்கை முனை இங்கெல்லாம் வளைவு சிறியது, அழுத்தம் எகிறும். எலும்பைச் சுற்றி வளையமாக ஃபோம் வைத்து, எலும்பின் மேல் சுமையைக் குறையுங்கள்.

கையுறை

கையுறைதான் கடினம், அதோடு அதிகம் தேவைப்படுவதும் அதுதான். பட்டாசு, கொதிக்கும் எண்ணெய், சாம்பார்ப் பாத்திரத்தில் கைவிட்ட குழந்தை எல்லாமே கையில்தான் வந்து முடியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையில் கொட்டை எண்ணெய் பட்டும் தோல் வெந்துபோகும். அவர்களுக்குக் கொடுக்கும் கையுறைக்கு மேலே வேலைநேரத்தில் இன்னொரு ரப்பர் கையுறை வேண்டும்.

கையைத் தாளில் வைத்து விரல்களை லேசாக விரித்து வரையுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் அடி, நடு, நகத்துக்குக் கீழ் என மூன்று சுற்றளவு. விரலிடுக்கின் ஆழத்தை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். தழும்பு இழுத்த கையில் நான்கு இடுக்கும் நான்கு ஆழத்தில் இருக்கும்.

விரலில் 15 சதவீத விதியைப் போட்டால் பெரிய ஆபத்து. 6 செ.மீ. விரலுக்கு 20 மி.மீ. அழுத்தம் கிடைக்க 132 கிராம் இழுப்பே போதும். மேலே உதாரணமாக எடுத்த துணியை 15 சதவீதம் குறைத்து வெட்டினால் 60 மி.மீ.யைத் தாண்டிவிடும். விரல்களுக்கு 3, 4 சதவீதம் குறைத்தாலே போதும். விரலுக்கென்று மெல்லிய துணி தனியாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதற்கும் எடைக்கல் சோதனை செய்யுங்கள், எடைகளை 50, 100, 150 கிராம் என்று சின்னதாக எடுத்து.

முன்புறத் துண்டு, பின்புறத் துண்டு, இரண்டையும் சேர்க்கும் விரலிடைப் பட்டைகள் என்று வெட்டுங்கள். விரலிடைப் பட்டை இல்லாமல் இரண்டு துண்டை மட்டும் சேர்த்துத் தைத்தால் தையல் விரலின் பக்கவாட்டை அறுக்கும், இடுக்கின் அடியில் துணி உட்காராது. அங்கே தழும்பு மெல்ல ஏறி விரல்களைச் சவ்வாக இணைத்துவிடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கை மட்டுமாவது திரும்பத் திரும்பப் பாருங்கள். அது சுருங்கினால் சொம்பு பிடிக்க முடியாது, பேனா பிடிக்க முடியாது.

விரல்நுனி ஒரு செ.மீ. திறந்தே இருக்கட்டும். நிறம் பார்ப்பதற்கும் தொட்டு உணர்வதற்கும் அது வேண்டும். உள்ளங்கையில் வழுக்காத சிறு துண்டுகள் ஒட்டித் தைத்தால் பஸ் கம்பியையும் வண்டிக் கைப்பிடியையும் பிடிக்கலாம்.

முகத்துக்குத் துணி முகமூடியைவிட, அச்செடுத்துச் செய்யும் கண்ணாடி போன்ற கெட்டி முகமூடி பொருத்தமானது. அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். வளரும் பிள்ளைகளின் தாடையில் நெடுநாள் அழுத்தம் கொடுத்தால் தாடை வளர்ச்சியும் பல்வரிசையும் பாதிக்கப்படலாம். கழுத்துக்கும் துணி மட்டும் உதவாது. உடலை முழுக்க மூடும் உடையில் கழிப்பறைக்கான திறப்பை முதலிலேயே திட்டமிடுங்கள்.

போட்டுப் பார்க்கும் நாள்

போட்டதும் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நம் தோல் நிறத்தில் விரல் நீலமாவது தாமதமாகத்தான் தெரியும், அதனால் நகத்தைத்தான் பார்க்க வேண்டும். மரமரப்பு, ஊசி குத்துவது, குளிர்ச்சி இருந்தால் உடனே கழற்றிப் பிரித்துத் தையுங்கள். கழற்றிய பிறகு தையல் தடம் அரை மணியில் மறைய வேண்டும். கிக்குஹிமே போன்ற அழுத்தமானி தெரபிஸ்ட்டிடம் இருந்தால் மணிக்கட்டு, நடு, மேல் என மூன்று இடத்தில் அளந்து தாளில் எழுதுங்கள். கணக்குக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி உங்கள் அடுத்த உடையைத் திருத்தும்.

முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் நான்கு என்று ஏற்றி ஒரு வாரத்தில் நாளுக்கு 23 மணி நேரத்துக்குப் போக வேண்டும். குளிக்கவும், தழும்பை நீவிவிடவும், கிரீம் தடவவும்தான் மீதி ஒரு மணி. "அக்கா, ராத்திரி மட்டும் கழட்டி வெச்சிடலாமா, பிள்ளை அழுவுது" என்று தாய்மார் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அதட்டி அனுப்பாதீர்கள். பிள்ளை அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் உடையில் இருக்கும்: ஒரு தையல் முடிச்சு, அக்குளில் ஒரு மடிப்பு, தாங்க முடியாத இறுக்கம். தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்யுங்கள். என் கணக்கில், 25 மி.மீ. அழுத்தம் உள்ள உடை கொடியில் தொங்குவதைவிட 15 மி.மீ. உடை உடம்பில் இருப்பது எவ்வளவோ மேல். பிள்ளைகளை நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தோல் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

வெயிலும் வேர்வையும்

கத்திரி வெயிலில் கடலூரில் இந்த உடையோடு நடமாடுவது எளிதல்ல. தழும்பின் மேல் வேர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் வேலை செய்யாது. உடம்பின் மற்ற இடங்களில் இரட்டிப்பாக வேர்க்கும். பெரிய அளவில் தோல் போனவர்கள் வெயிலில் சீக்கிரம் துவண்டு விழுவார்கள். நல்ல தோல் இருக்கும் பக்கத்தில் நெட் துணிப் பட்டை வைத்துத் தையுங்கள், அதன் இழுப்பையும் தனியாகச் சோதித்து. அக்குள், முழங்கை மடிப்பு, இடுப்பு மடிப்பு இவற்றைத் தினமும் கழுவி, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகே உடை. படர்தாமரை வந்தால் உடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். புதுத் தழும்பு வெயிலில் கறுக்கும், பவர்நெட்டின் கண்கள் வெயிலை முழுவதும் தடுக்காது. மேலே ஒரு முழுக்கைச் சட்டை அவசியம்.

ஒருவருக்குக் குறைந்தது இரண்டு உடை: ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்துக்கு மூன்றாவது ஒன்று இருந்தால் நல்லது. சாதாரணத் தண்ணீரில் மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் விரித்துக் காயப்போடுவது. பிளீச்சிங் பவுடர், அயர்ன், வாஷிங் மெஷின் டிரையர் மூன்றும் எலாஸ்டேனைக் கொன்றுவிடும். தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவினால் தோலில் ஊறிய பிறகு துடைத்துவிட்டு உடை போடச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் குப்பங்களிலிருந்து வருபவர்களிடம், உப்புத்தண்ணீர் பட்ட உடையை அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் மூன்று மாதத்தில் துணியின் இழுப்பு தளர்ந்துவிடும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை உடையைத் தட்டையாக விரித்து அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். குழந்தைகளை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக அளவெடுங்கள்.

எப்போது நிறுத்துவது

தழும்பு முதிர ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் ஆகும். வான்கூவர் தழும்பு அளவுகோலில் நிறம், ரத்தச் சிவப்பு, மென்மை, உயரம் நான்குக்கும் மதிப்பெண் போட்டுத் தெரபிஸ்ட் தொடர்ந்து பார்ப்பார். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரலால் அழுத்தி எடுத்து, நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பதும் அரிப்பு குறைந்ததா என்று கேட்பதும் அங்கே கூடுதல் உதவி. தழும்பு வெளிறி, தட்டையாகி, கிள்ளினால் தோல் மடியும் அளவுக்கு மென்மையானதும், மருத்துவர் சொன்னபடி பகலில் சில மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்குள் தடிப்போ அரிப்போ திரும்பினால் மறுபடி முழு நேரம்.

அளவுத்தாள்களை அப்போதும் தூக்கிப் போடாதீர்கள். சின்ன வயதில் மூட்டருகே வெந்த பிள்ளைகள் சட்டென்று உயரம் கூடும் வயதில் தழும்பு உடம்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்காமல் மறுபடி இழுக்கும். இறுக்கத்தை விடுவிக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து, அதே பிள்ளை புது ஒட்டுத்தோலோடு உங்களிடம் வரும். எந்தப் பக்கம் ஜிப் வைத்தபோது புண்ணானது, எந்தத் துணி ஒத்துக்கொண்டது, எத்தனை மி.மீ. அழுத்தத்தைத் தாங்கியது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கும்.